காட்ஸில்லாவின் காலடியில்

பூதப் படம் என்றாலே கண் தானாக மேலே போய்விடும். கோரைப் பல், முதுகில் வரிசையாக எழும் செதில்கள், வாயிலிருந்து பாயும் நீல ஒளி என்று உயரத்தில் நடப்பதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். காட்ஸில்லா படங்களை ஒருமுறை கண்ணைக் கீழே இறக்கிப் பாருங்கள். அந்தப் பாதம் எங்கே பதிகிறது? அதன் அடியில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் யாரென்று படத்துக்காவது தெரியுமா? 1954இல் தொடங்கி 2023 வரை ஜப்பானின் தோஹோ நிறுவனம் மட்டும் 30 லைவ் ஆக்‌ஷன் காட்ஸில்லா படங்களை எடுத்திருக்கிறது. ஹாலிவுட்டும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டே இருக்கிறது. இவற்றில் எது நெஞ்சில் தங்குகிறது, எது திரையரங்கு வாசலிலேயே மறந்துபோகிறது என்பதை இந்த ஒரு கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.

தமிழில் இந்தப் பூதத்தைப் பார்த்த இளைஞர்கள் பலருக்கும் அது ஹாலிவுட் வழியாக வந்த பூதம். 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' 2021 மார்ச் 24 அன்று இந்தியாவில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளியானது. அமெரிக்கர்கள் அதைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கொரோனாவால் மூடிக்கிடந்த அரங்குகளுக்குக் கூட்டத்தை மறுபடி இழுத்துவந்த படங்களில் அதுவும் ஒன்று. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு காட்ஸில்லாவின் முகத்தில் காங் விட்ட குத்துக்கு விழுந்த விசில் உண்மையான விசில். அந்தக் குதூகலத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது ஒரு நீண்ட கதையின் பிற்பகுதி. கதை ஒரு மீன்பிடிப் படகில் தொடங்குகிறது.

சாம்பல் பொழிந்த காலை

1954 மார்ச் 1. பசிபிக் பெருங்கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தது சுமார் 6 மெகாடன். வெடித்தது 15 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவில் விழுந்ததைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அமெரிக்கா அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியே, யைசு துறைமுகத்திலிருந்து சூரை மீன் பிடிக்கப் போயிருந்த 'டைகோ ஃபுகுர்யு மாரு' என்ற மரப்படகில் 23 பேர் இருந்தார்கள். விடியும் முன்பே மேற்கில் வானம் வெளுத்தது. பிறகு வெண்சாம்பல் மணிக்கணக்காகப் பொழிந்தது. வெடிப்பில் பொடியாகி வானில் ஏறிய பவளப்பாறைதான் அது. இன்னதென்று தெரியாமல் தளத்தில் படிந்ததை வெறுங்கையால் வாரிக் கொட்டினார்கள். கரை திரும்புவதற்குள் தோல் கருத்து, தலைமுடி கொட்டத் தொடங்கியிருந்தது. படகின் வானொலிப் பொறுப்பாளர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார்.

அந்த ஆண்டு ஜப்பானில் மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். கதிர்வீச்சு ஏறிய சூரை மீன்களைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். டோக்கியோவின் சுகினாமி பகுதிக் குடும்பப் பெண்கள் அணுகுண்டுச் சோதனைக்கு எதிராகத் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் அடுத்த ஆண்டுக்குள் மூன்று கோடிப் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். தோஹோவின் தயாரிப்பாளர் தோமோயுகி தனகா இந்தோனேசியாவோடு சேர்ந்து எடுக்கவிருந்த படம் கைவிட்டுப் போன நிலையில், விமானத்தில் ஊர் திரும்பும் வழியில் கீழே விரிந்த கடலைப் பார்த்துத்தான் இந்தக் கதையை யோசித்தார் என்பார்கள். காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா' என்ற தலைப்பில் முதல் படம் நவம்பர் 3 அன்று திரைக்கு வந்தது. குபோயாமா இறந்து ஆறு வாரம் ஆகியிருக்கவில்லை.

படம் தொடங்கும்போது 'எய்கோ மாரு' என்ற கப்பலின் தளத்தில் மாலுமிகள் இளைப்பாறிக்கொண்டிருக்கிறார்கள். கடல் சட்டென்று வெள்ளையாகக் கொதிக்கிறது, கண்ணைப் பறிக்கும் ஒளி, கப்பல் தீப்பிடித்து மூழ்குகிறது. அன்று அரங்கில் இருந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா ஜப்பான் ராணுவத்தில் கட்டாயச் சேவையில் சீனாவில் பல ஆண்டுகளைக் கழித்தவர். போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். அவர் எடுத்த டோக்கியோ எரியும் காட்சிகளில் சாகசத்தின் சாயலே இல்லை. 1945 மார்ச் 10 இரவு அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளில் அந்நகரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கருகி ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே தெருக்கள் மறுபடி எரிகின்றன. அங்கே கின்சா பகுதியில் ஒரு கட்டடச் சுவரோரம் குழந்தைகளை அணைத்துக்கொண்டு ஒரு பெண் குந்தியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பிள்ளைகளைத் தேற்றுகிறாள். போரில் கணவனை இழந்தவள் என்று அந்த ஒரு பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. இன்னொரு காட்சியில் ரயிலில் போகும் இளம்பெண் ஒருத்தி, நாகசாகி குண்டில் தப்பிப் பிழைத்த உயிரை இதற்கா கொடுப்பது என்ற பொருளில் அலுத்துக்கொள்கிறாள். மறுநாள் மருத்துவமனையில், கதிர்வீச்சு அளக்கும் கருவியை ஒரு குழந்தையின் அருகே கொண்டுபோகும் மருத்துவர் எதுவும் பேசாமல் தலையசைக்கிறார். இவர்களுக்கெல்லாம் படத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் பூதத்தை மறந்துவிட்டு இவர்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பூதத்தைக் கொல்லும் ஆயுதம் செரிசாவா என்ற இளம் விஞ்ஞானியிடம் இருக்கிறது. ஒரு கண்ணைப் போரில் இழந்தவர். நீரிலுள்ள ஆக்சிஜனைச் சிதைத்து உயிர்கள் அனைத்தையும் கரைத்துவிடும் தன் கண்டுபிடிப்பை உலகத்துக்குக் காட்டவே அஞ்சுகிறார். காட்டினால் அதுவும் அணுகுண்டைப்போல் ஆட்சியாளர்கள் கைக்குப் போய்விடும். தொலைக்காட்சியில் பள்ளி மாணவிகள் பாடும் பிரார்த்தனையைக் கேட்டு மனம் மாறுகிறார். குறிப்பேடுகளை எரிக்கிறார். கடலடியில் ஆயுதத்தை இயக்கிவிட்டு, தன்னை மேலே இழுக்கும் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறார். தன் தலைக்குள் இருக்கும் அறிவும் வெளியே போகக் கூடாது என்பதற்காக ஒரு விஞ்ஞானி சாகிறார். இந்த முடிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எடை

அமெரிக்காவின் 'கிங் காங்' 1933இல் பொம்மையை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் படம் பிடிக்கும் முறையில் உருவானது. காட்ஸில்லாவுக்கும் அதையே செய்ய ஆசைப்பட்டார் சிறப்புக் காட்சிகளின் பொறுப்பாளர் எய்ஜி சுபுராயா. வேலை முடிய ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கணக்கு வந்தது. கையில் இருந்ததோ சில மாதங்கள். ஒரு மனிதனை ரப்பர் உடைக்குள் இறக்கி, அவனைச் சுற்றிக் குட்டி டோக்கியோவைக் கட்டும் முடிவு அப்படித்தான் பிறந்தது.

உள்ளே இறங்கியவர் ஹருவோ நகாஜிமா. அதே ஆண்டு வந்த குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தில் கொள்ளைக்காரர்களில் ஒருவராக நடித்தவர். முதலில் தயாரான உடை ஏறத்தாழ 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு சில அடிகளுக்கு மேல் நடக்க முடியவில்லை. திருத்திய உடையிலும் விளக்குகளின் சூட்டில் சில நிமிடங்களே தாங்கும். கழற்றும்போது உள்ளே தேங்கிய வியர்வையைக் கொட்ட வேண்டியிருக்கும். மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படிக் காலெடுத்து வைக்கின்றன என்று பார்த்துப் பழகினார். 1972 வரை பன்னிரண்டு படங்களில் காட்ஸில்லாவாக நடந்தவர் அவர்தான்.

இந்த நடையை மலைபோல் காட்டியது கேமராவின் வேகம். 25இல் ஒரு பங்காகச் சுருக்கிய கட்டடம் இடியும்போது துண்டுகள் சட்டென்று தரையில் விழுந்து பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். அதை வேகமாகப் படம் பிடித்து மெதுவாக ஓட்டினால் விழும் நேரம் நீள்கிறது, கட்டடத்துக்கு எடை வருகிறது. இயற்பியல் கணக்குப்படி 25 மடங்கு சுருக்கத்துக்கு ஐந்து மடங்கு வேகம் வேண்டும். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே பிசின் தடவிய தோல் கையுறையால் கான்ட்ராபாஸ் தந்திகளை உரசி எழுப்பிய ஒலியிலிருந்துதான் அந்தப் புகழ்பெற்ற உறுமல் செய்யப்பட்டது. முதல் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். அன்றைய ஜப்பானில் கட்டடங்களுக்கு 31 மீட்டர் உயர வரம்பு இருந்ததால், கூரைகளுக்கு மேல் எட்டிப் பார்க்க 50 மீட்டரே தாராளம். நகரம் வளர வளர அதுவும் வளர்ந்தது. 1984இல் 80 மீட்டர், 2016இல் 118.5 மீட்டர்.

வெட்டி எறிந்தது

படம் அமெரிக்காவுக்கு 1956இல் 'காட்ஸில்லா, கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரில் போனது. ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்கப் பத்திரிகையாளராக வைத்துப் புதிய காட்சிகளை எடுத்து இடையிடையே ஒட்டினார்கள். 96 நிமிடப் படம் 80 நிமிடமானது. அணுகுண்டு பற்றிய பேச்சுகள் பெருமளவு குறைந்தன. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்று முதிய விஞ்ஞானி யமானே கடைசியில் முணுமுணுக்கும் எச்சரிக்கை அடியோடு போயிற்று. உலகம் மறுபடி நிம்மதியாக வாழலாம் என்று அமெரிக்கக் குரல் படத்தை முடித்துவைத்தது. குண்டை வெடித்த நாட்டுக்கு ஏற்ற ஆறுதல்.

ஜப்பானிலும் துக்கம் நீடிக்கவில்லை. நாடு செழித்தது, பூதமும் சிரிக்கத் தொடங்கியது. 1962இல் கிங் காங்கோடு மோதிய படத்துக்கு ஜப்பானில் வந்த கூட்டம் வேறெந்தக் காட்ஸில்லா படத்துக்கும் வந்ததில்லை. அதன் பிறகு குழந்தைகளின் தோழன், உலகைக் காக்கும் காவலன், ஒரு குட்டிக்கு அப்பா. இவற்றில் 1971இன் 'காட்ஸில்லா வெர்சஸ் ஹெடோரா' ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். தொழிற்சாலைக் கழிவை உண்டு வளர்ந்த பூதம் அது. ஆலைப் புகையில் மக்கள் மூச்சுத் திணறிய ஆண்டுகளில் எடுத்தது. 1984இல் மறுபிறவி எடுத்தபோது கதை கடுமையானது. ஜப்பான் மண்ணில் அணு ஆயுதம் வீச அமெரிக்காவும் சோவியத்தும் அனுமதி கேட்டு நெருக்க, பிரதமர் மறுக்கிறார்.

ஹாலிவுட்டின் 1998 படத்தில் காட்ஸில்லா நியூயார்க் தெருக்களில் ஓடும் ஒரு பெரிய உடும்பாகிவிட்டது. சோதனை செய்த நாடும் பிரான்ஸாகிவிட்டது. தோஹோ 2004இல் தன் படம் ஒன்றில் அந்த உடும்பைச் சிட்னியில் தன் காட்ஸில்லாவோடு மோதவிட்டுச் சில நொடிகளில் தீர்த்துக்கட்டியது.

2014இல் கரேத் எட்வர்ட்ஸ் இயக்கிய படத்தில் மரியாதை இருந்தது, அழகும் இருந்தது. பூதத்தைப் பேருந்துச் சன்னலுக்குள்ளிருந்தும், பாராசூட்டில் குதிக்கும் வீரனின் கண்ணாடி வழியாகவும் காட்டினார். காலடியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. கேமரா சரியான இடத்தில் இருந்தது. கதைதான் நழுவியது. பிகினியில் நடந்தவை சோதனைகளே அல்ல, காட்ஸில்லாவைக் கொல்லும் முயற்சிகள் என்று அந்தப் படம் சொல்கிறது. 23 மீனவர்கள் மேல் சாம்பல் பொழிந்த குண்டுக்கு இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. கென் வாட்டநபே நடித்த பாத்திரத்தின் பெயர் இஷிரோ செரிசாவா. இயக்குநர் ஹோண்டாவின் பெயரையும் அந்த விஞ்ஞானியின் பெயரையும் சேர்த்துச் செய்த வணக்கம். ஹிரோஷிமாவில் 8:15க்கு நின்றுபோன தந்தையின் கடிகாரத்தை அவர் எடுத்துக் காட்டுகிறார். அமெரிக்கத் தளபதி அதைப் பார்க்கிறார். படம் நகர்ந்துவிடுகிறது.

ஐந்தே ஆண்டுகளில், 2019இன் 'கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்' படத்தில், இதே செரிசாவா மயங்கிக் கிடக்கும் காட்ஸில்லாவுக்கு உயிரூட்டக் கடலடிக்குப் போகிறார். கையில் அணுகுண்டு. அதைத் தானே வெடித்துத் தன் உயிரைக் கொடுக்கிறார். கதிர்வீச்சை உண்டு பூதம் எழுகிறது. முதல் செரிசாவா உயிரை விட்டது பேரழிவு ஆயுதம் ஒன்று உலகத்தின் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக. இரண்டாவது செரிசாவா உயிரை விட்டது அணுகுண்டு ஒரு மருந்தாக வேலை செய்வதற்காக. பெயர் அதே பெயர், கடலடியும் தியாகமும் அப்படியே இருக்கின்றன. பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. எனக்கு இது சாதாரணக் கதை மாற்றமாகத் தெரியவில்லை. துக்கம் கொண்டாடிய ஒரு வீட்டின் பாட்டை எடுத்துப்போய் வேறொரு வீட்டில் திருமணத்துக்குப் பாடிய மாதிரி இருக்கிறது. அதன் பிறகு வந்த படங்களில் கேமரா முற்றிலும் மேலே ஏறிவிட்டது. ஹாங்காங்கில் நியான் விளக்குகளோடு வானளாவிய கட்டடங்கள் சரிகின்றன, எகிப்தில் பிரமிடுகளுக்கு நடுவே சண்டை நடக்கிறது, ரோம் நகரின் கொலோசியத்தில் காட்ஸில்லா சுருண்டு படுத்து உறங்குகிறது. அந்தக் கட்டடங்களுக்குள் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாக இருப்பவை மனத்தில் ஒரு தடமும் பதிக்காமல் போவது அதனால்தான்.

மீண்டும் கீழே

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் ஜப்பானை ஒன்றாகத் தாக்கின. ஐந்து ஆண்டு கழித்து ஹிடேகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் எடுத்த 'ஷின் காட்ஸில்லா' வந்தது. இதில் பூதம் முதலில் வரும் கோலமே வேறு. கண் பிதுங்கி, செவுள்களிலிருந்து ரத்தம் கொட்ட, தரையில் வயிறு தேய ஊர்ந்து வருகிறது. ஆற்றில் படகுகளும் இடிபாடுகளும் அதற்கு முன்னால் குவிந்து புரண்டு வருகின்றன. ஆழிப்பேரலையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். 2004 டிசம்பருக்குப் பின் நம் கடலோர மக்களுக்கும் புரியும். அமைச்சர்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கூட்டம் கூட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். எந்தத் துறை பொறுப்பு என்று முடிவாவதற்குள் தெருக்கள் போய்விடுகின்றன. கடைசியில் கான்கிரீட் பம்ப் லாரிகளைக் கொண்டுபோய் அதன் வாய்க்குள் ரசாயனத்தைச் செலுத்தி உறையவைக்கிறார்கள். ஃபுகுஷிமா உலைகளைக் குளிர்விக்கத் தண்ணீர் பாய்ச்சியதும் இதே வகை லாரிகள்தான். அணைந்துவிடாத அந்த ஆபத்து டோக்கியோ ரயில் நிலையத்தின் அருகே நின்றுகொண்டே இருக்கிறது.

அடுத்து 2023 நவம்பர் 3. முதல் படம் வெளியான அதே தேதியில் தகாஷி யமசாகியின் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. கதை போரின் கடைசி நாட்களில் தொடங்குகிறது. தற்கொலைப் படை விமானி ஷிகிஷிமா சாக விரும்பாமல், எந்திரக் கோளாறு என்று சொல்லி ஒரு தீவில் இறங்குகிறான். அங்கே வரும் பூதத்தைச் சுட அவன் கை எழவில்லை. உடன் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் சாகிறார்கள். ஊர் திரும்பினால் பெற்றோர் குண்டுவீச்சில் போய்விட்டார்கள். பிழைத்து வந்ததற்காக அண்டை வீட்டுப் பெண் அவனை ஏசுகிறாள், அவளும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். யாருடையதோ ஒரு குழந்தையைக் காப்பாற்றி எடுத்துவந்த நோரிகோ என்ற பெண்ணும் அவன் குடிசையில் ஒதுங்க, ஒரு குடும்பம்போல வாழத் தொடங்குகிறார்கள். இவ்வளவும் நடந்து, நாம் அவர்களுடைய சோற்றையும் கூரையையும் பழகிக்கொண்ட பிறகுதான் பூதம் கின்சாவுக்கு வருகிறது. முதுகுச் செதில்கள் வாலிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து நீலமாக ஒளிர்கின்றன. வெடிப்புக்குப் பின் காளான் மேகம் எழும்புகிறது. ஷிகிஷிமா நடுத்தெருவில் நின்று கதற, அவன் மேல் கருமழை பெய்கிறது. அந்த ஐந்தாறு நிமிடங்களுக்கு இணையாக எந்த ஹாலிவுட் பூதப் படத்திலும் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இதன் செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு என்று யமசாகி சொல்லியிருக்கிறார். ஹாலிவுட் பெரும்படங்கள் இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் விழுங்குகின்றன. 35 பேர் கொண்ட குழு 610 ஷாட்களுக்கான காட்சி விளைவுகளைச் செய்து முடித்தது. எழுத்து, இயக்கம், காட்சி விளைவு மேற்பார்வை மூன்றும் யமசாகியே. 2024 மார்ச்சில் சிறந்த காட்சி விளைவுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஓர் இயக்குநர் அந்த விருதைப் பெற்றது '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' எடுத்த ஸ்டான்லி கூப்ரிக்குக்குப் பிறகு அதுவே முதல் முறை. அன்று போட்டியில் தோற்ற படங்களில் எட்வர்ட்ஸ் இயக்கிய 'தி கிரியேட்டர்' ஒன்று. அதே மேடையில் சிறந்த படமானது 'ஓப்பன்ஹைமர்'. அணுகுண்டைச் செய்தவரின் கதையும் அது விழுந்த நாட்டின் கதையும் ஒரே இரவில் விருது வாங்கின.

இந்தப் படத்தை இவ்வளவு நேசிக்கும் நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூதத்தை எதிர்க்கக் கூடும் முன்னாள் கடற்படையினர் முன்னால் நோடா என்ற ஆய்வாளர் பேசுகிறார். உயிரை மலிவாக நினைத்த நாடு இது, உணவு அனுப்பாமல் வீரர்களைச் சாகவிட்டது, விமானி தப்பிக்க வழியில்லாத விமானங்களைக் கட்டியது என்று பட்டியலிடுகிறார். தன் அரசைப் பார்த்து ஒரு வணிகப் படம் இப்படிப் பேசுவது பெரிய காரியம். ஆனால் அந்தப் பட்டியல் ஜப்பானியர்களோடு நின்றுவிடுகிறது. 1942-43இல் இதே ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிப்போனது. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் மடிந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலேசியாவில் இன்றும் இருக்கிறார்கள். ஷிகிஷிமாவுக்காக அழும்போது அவர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். சீனாவில் சண்டையிட்ட ஹோண்டாவின் படத்திலும் சீனர்கள் இல்லை. காலடியில் இருந்தவர்களைக் காட்டிய இந்தத் தொடர், ஜப்பானின் காலடியில் இருந்தவர்கள் பக்கம் இன்னும் கேமராவைத் திருப்பவில்லை. திருப்பக்கூடிய துணிவு இருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதற்கு 'மைனஸ் ஒன்' சாட்சி. அதனால்தான் இதைக் குறையாக மட்டும் சொல்லாமல் ஒரு கோரிக்கையாகவும் சொல்கிறேன்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 1954 படத்தையும் 2019 படத்தையும் ஒரே வாரத்தில் பாருங்கள். இரண்டு செரிசாவாக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நான் சொன்னது சரியா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 'மைனஸ் ஒன்'னை ஜப்பானிய மொழியிலேயே வசன எழுத்துகளோடு பாருங்கள். ஷிகிஷிமாவின் கதறலுக்கு வேறொருவர் குரல் கொடுக்க வேண்டாம். 1954 படத்தைத் தேடும்போது 1956இன் வெட்டிய பதிப்பு கையில் சிக்கிவிட வாய்ப்பு உண்டு. ரேமண்ட் பர்ரின் முகம் திரையில் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, 96 நிமிடம் ஓடும் ஜப்பானிய மூலத்தைத் தேடி எடுங்கள்.